நிமிராத பையனும் தெற்கு பீரோவும்

மாவட்டப் பள்ளி நூலகர்கள் குழு என் நூலகத்தின் தெற்கு பீரோவுக்குள் இருக்கிறது. உள்ளே இருநூற்றுப் பதினான்கு பேர். தினமும் காலை ஒன்பது மணிக்கு நான் பீரோவைத் திறந்து வணக்கம் சொல்ல வேண்டும். அத்தனை பேரும் திருப்பி வணக்கம் சொல்வார்கள். ஒவ்வொரு வணக்கத்தோடும் ஒரு ரோஜாப்பூ வந்து விழும். சிலர் பூவோடு ஒரு கப் காபியும் அனுப்புவார்கள். ஒன்பதரை வரை நான் தரையைப் பெருக்குவேன்.

இதற்காகத்தான் நூலக அறிவியலில் பட்டம் வாங்கினேன்.

என் பெயர் புஷ்பகனி. ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடமாக நூலகர். பையன்கள் என்னை டீச்சர் என்று கூப்பிடுவார்கள். ஆணைப்படி நான் டீச்சர் இல்லை. அலுவலக ஊழியரும் இல்லை. இரண்டுக்கும் நடுவே தரையில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டின் மேல்தான் என் நாற்காலி.

இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை தெற்கு பீரோவில் நாவல்கள் இருந்தன. குழு வந்து உட்கார்ந்ததும் நாவல்கள் பின்தட்டுக்குப் போய்விட்டன. அதன்பிறகு அவற்றை யாராலும் தொட முடியவில்லை. கையை உள்ளே விட்டால் யாராவது ஒரு நூலகர் என் கையில் பிறந்தநாள் கேக்கைத் திணிக்கிறார். யாருக்குப் பிறந்தநாள் என்று அவருக்கும் தெரியாது.

குழுவுக்கு ஒரு அட்மின் உண்டு. அட்மின் ஒரு கட்டைவிரல். கையும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் விரல்தான். ஓர் ஆள் உயரம் இருப்பார். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். பையன் புத்தகம் படிக்கிற படத்தைத் தினமும் பீரோவுக்குள் நீட்ட வேண்டும். அட்மின் பார்ப்பார். அவர் நிமிர்ந்து நின்றால் பையன் படித்திருக்கிறான். கவிழ்ந்தால் படிக்கவில்லை.

படத்துக்கு விதிகள் மூன்று. முகம் நேராகத் தெரிய வேண்டும். புத்தகத்தின் அட்டை தெரிய வேண்டும். பல் தெரிய வேண்டும்.

முப்பத்தொரு வருடமாகப் பையன்கள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படிக்கிற எவனும் எனக்குப் பல்லைக் காட்டியதில்லை.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் முப்பத்தொன்பது பையன்கள். நூலக வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் குனிந்து போனைப் பார்ப்பார்கள். நான் தடுக்கக் கூடாது. வாசிப்புச் செயலியில் ‘படித்தேன்’ என்கிற பொத்தானை அழுத்த வேண்டும் என்று உத்தரவு. அழுத்துகிறார்கள். சென்ற மாதம் மட்டும் நாலாயிரத்து நூறு புத்தகம் படித்திருக்கிறார்கள். என் நூலகத்தில் இருப்பதே தொள்ளாயிரம். மீதியை எங்கே போய்ப் படித்தார்கள் என்று குழுவில் கேட்டேன். பதிலாக ஒரு ரோஜாப்பூ வந்தது. பெருக்கித் தள்ளினேன்.

அந்த முப்பத்தெட்டுப் பேரும் படம் எடுக்கும்போது புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினார்கள். அட்மின் முப்பத்தெட்டு முறை நிமிர்ந்தார். பாராட்டுச் சான்றிதழும் வந்தது. அதை நான் தலைகீழாகத்தான் மாட்டியிருக்கிறேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

முப்பத்தொன்பதாவது பையன் இசக்கிராஜா. அவன் படிக்கிறான்.

அவன் படிப்பது ஒரு கலங்கரை விளக்கத்துக் காவலாளியின் கதை. இரண்டு பாகம்; குழு வந்த அன்று ஒரு பையன் வீட்டில் இருந்ததால் முதல் பாகம் மட்டும் தப்பியது. காவலாளி தினமும் விளக்கேற்றுகிறார். கப்பல் வருவதில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு வருவதில்லை. முதல் பாகத்தின் கடைசி வரியில் தூரத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதுகிறது. அதோடு முடிகிறது. இந்தப் பள்ளியில் அதிகம் பேர் எடுத்த புத்தகம் அதுதான். அதனால் அட்டை எப்போதோ போய்விட்டது.

அட்டை இல்லாத புத்தகம். நிமிராத முகம். உதட்டை வேறு மடித்துக் கடித்திருப்பான். மூன்று விதியிலும் ஒன்றுகூட அவனுக்குப் பொருந்தவில்லை. அவன் படத்தை நான் நீட்டும்போதெல்லாம் அட்மின் கவிழ்ந்தார்.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு தப்புச் செய்தேன்.

“இசக்கி, ஒரு நிமிசம் நிமிருடா” என்றேன்.

“நிமிந்தா வரி போயிரும் டீச்சர்.”

“போகாது. நான் பாத்துக்கிடுதேன்.”

நிமிர்ந்தான். வரி போய்விட்டது. பக்கத்திலிருந்து இறங்கி, பெஞ்சைக் கடந்து, கதவிடுக்கு வழியாக மைதானத்துக்குப் போனது. அவனும் நானும் சாயங்காலம் வரை தேடினோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஈரமாகக் கிடந்தது. ஒரு முற்றுப்புள்ளி கிடைக்கவே இல்லை. படமும் ஆடிப்போயிருந்தது. இசக்கிராஜா வரியைத் துடைத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டான். அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமை அவன் ஐந்நூற்று எண்பதாம் பக்கத்தில் இருந்தான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் இதுதான். ஒரு பையன் ஒரு புத்தகத்தை மூடுவதற்கும் அடுத்ததைத் திறப்பதற்கும் நடுவே ஏழு நிமிடம் இருக்கிறது. அதற்குள் அடுத்த புத்தகம் கையில் இருந்தால் பிழைத்தான். இல்லையென்றால் கை தானாகப் போனுக்குப் போய்விடும். அந்த ஏழு நிமிடத்தில் நான் பதினோரு பேரைத் தொலைத்திருக்கிறேன். பதினோராவது பையனை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், முகம் வருவதற்கு முன்னால் ஒரு வட்டம் சுற்றுகிறது. பொறுமையாகக் காத்திருந்தால்தான் முகம் வரும். சில நாள் வராது.

இரண்டாம் பாகம் தெற்கு பீரோவின் பின்தட்டில் இருக்கிறது. பின்தட்டு திறக்க வேண்டுமானால் வகுப்பில் எல்லாப் பையன்களும் படித்ததாக அட்மின் நிமிர வேண்டும். முப்பத்தெட்டுப் பேர் ஆகிவிட்டது. படிக்கிற பையன் ஒருவன்தான் பாக்கி.

இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? தலைமையாசிரியரிடம் போனேன்.

தலைமையாசிரியர் ஞானதிரவியம் சார் போன ஜூன் மாதம் அறிவிப்புப் பலகையாகிவிட்டார். அவர் அறை வாசலில் மாட்டியிருக்கிறார்கள். உடம்பு முழுக்கச் சுற்றறிக்கைகள் குத்தியிருந்தன.

“வலிக்குதா சார்?”

“பழகிட்டும்மா. என்ன விசயம்?”

“இசக்கிராஜா படிக்கான். படத்துல வர மாட்டேங்கான்.”

“படம் இல்லாட்டா இருப்புச் சான்று குடுக்கலாம். என் இடது தோளுல பாருங்க. சர்க்குலர் இருக்கு.”

பார்த்தேன். படிக்கும் மாணவன் இருப்புச் சான்று, படிவம் ஒன்பது. தலைமையாசிரியர் கையொப்பமிட வேண்டும்.

“எனக்குக் கையில்லையேம்மா” என்றார். “கீழ வலப்பக்கம் பழைய கையெழுத்து ஒண்ணு குத்திக் கெடக்கும். அத எடுத்துக்கிடுங்க. குண்டூசிய மட்டும் திருப்பித் தந்துரணும்.”

குண்டூசியைத் திருப்பிக் கொடுத்தேன். நன்றி சொன்னார்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது பிரிவேளை. இசக்கிராஜா அறுநூற்று ஐந்தாம் பக்கத்தில் இருந்தான். நான் பீரோவைத் திறந்து குழுவிடம் கேட்டேன். பின்தட்டில் இருக்கும் ஒரு புத்தகம் வேண்டும், அவசரம், தயவுசெய்து யாராவது எடுத்துக் கொடுங்கள்.

ஒருவர் இனிய வெள்ளி என்றார். ஒருவர் இரவில் தயிர் சாப்பிடக் கூடாது என்றார். பதினெட்டுப் பேர் கைதட்டினார்கள். ஒருவர், தவறுதலாக அனுப்பிவிட்டேன் என்று சொல்லி, எதையோ அழித்தார். என் கோரிக்கையைத்தான் அழித்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பீரோவுக்குள் ஏறிவிட்டேன்.

பீரோவின் ஆழம் ஒன்றரை அடி. வாங்கும்போது நானே அளந்திருக்கிறேன். உள்ளே நீண்ட தாழ்வாரம் இருந்தது. யாராவது எதையாவது எல்லோருக்கும் அனுப்பினால் தாழ்வாரம் பத்தடி நீண்டது. அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பக்கமும் நூலகர்கள் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். யார் மடியிலும் புத்தகம் இல்லை. எல்லோர் மடியிலும் பல் தெரிகிற பையன்களின் படம் இருந்தது.

வழியில் கோமதிநாயகம் சாரைப் பார்த்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளியின் நூலகர். ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஓய்வு பெற்றவர்.

“சார், நீங்க இன்னும் போகலியா?”

“போன வருசம் எறந்தே போயிட்டேம்மா.”

“தெரியும் சார். நான்கூட மாலை அனுப்புனேன்.”

“பாத்தேன். நானும் கும்பிடு போட்டேன். ஆனா குழுவ விட்டுப் போனா, கோமதிநாயகம் வெளியேறினார்னு எல்லாருக்கும் காட்டும். மூஞ்சில அடிச்ச மாரி போயிட்டான்னு நெனப்பாங்க. அதான் இருக்கேன்.”

“நான் வாரேன் சார். ஒரு பையன் ஒண்ணாம் பாகத்த முடிக்கப் போறான்.”

“வெளக்குக்காரர் கதையா?” என்று எழுந்துவிட்டார். “கடைசில சங்கு ஊதும்லா. அந்தக் கப்பல்ல வந்தது யாரும்மா? ரெண்டாம் பாகம் எங்க பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்ல. தெரிஞ்சுக்காமலே செத்துட்டேன்.”

நேரம் இல்லை. நடந்தேன்.

தாழ்வாரத்தின் முடிவில் ஒரு மேசை. அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகப்புப் படம் வைக்காதவர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற வட்டம் இருந்தது. அவருக்குப் பின்னால் அட்மின் நின்றிருந்தார்.

“என்ன வேணும்?” என்றது வட்டம்.

“பின்தட்டுல ஒரு புத்தகம்.”

“உங்க வகுப்புல எத்தன பேரு படிச்சிருக்காங்க?”

“முப்பத்தெட்டுப் பேரு படிக்கல. ஒருத்தன் படிக்கான்.”

“அப்ப முப்பத்தெட்டுன்னு போட்டுக்கிடுதேன்.”

படிவம் ஒன்பதை நீட்டினேன். வட்டம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“இதுல பையன் இருக்கான்னுதான் இருக்கு. படிக்கான்னு இல்லயே.”

“இப்பம் படிச்சிக்கிட்டு இருக்கான். வந்து பாருங்க.”

“அது சம்பவம். நான் ஆதாரம் கேக்கேன்.”

“அவன் அஞ்சு வாரமா ஒரே பெஞ்சுல உக்காந்து படிக்கான்.”

“சிரிச்சானா?”

“ஒரு எடத்துல அழுதான்.”

“அழுகைக்குத் தனி குழு இருக்கு. நிமிரச் சொல்லுங்க மேடம். ரெண்டு செகண்டுதான.”

“நிமிந்தா வரி போயிரும்.”

“போனா போவுது. படம் கெடைக்கும்லா.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் சேர்ந்து ஒரு பையனைக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார்கள். அட்மினிடமே பேசிவிடலாம் என்று மேசையைச் சுற்றிப் போனேன். பேச முடியவில்லை. அவருக்குக் காது இல்லை.

அப்போதுதான் கீழே பார்த்தேன். அட்மின் ஒரு புத்தகத்தின் மேல் நின்றிருந்தார். தடித்த புத்தகம். முதுகில் நா 412 என்று என் கையெழுத்து. நான் வெட்டி, நான் பசை தடவி, நான் ஒட்டிய சீட்டு.

“எந்திரிக்கச் சொல்லுங்க” என்றேன்.

“அட்மின் எந்திரிக்க மாட்டார். நிமிருவார். கவிழுவார். அவ்வளவுதான்.”

“புத்தகத்துமேல நிக்காரு.”

“பீடம் மேடம் அது. ரெண்டு வருசமா அதுதான் பீடம்.”

“அது ரெண்டாம் பாகம்!”

“எதுக்கு?” என்றது வட்டம். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குனிந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். புத்தகம் வந்துவிட்டது. முதல் தாள்கள் இரண்டு மட்டும் அட்மினின் அடியிலேயே ஒட்டிக்கொண்டன. அட்மின் ஆடினார். பிறகு முகங்குப்புறக் கவிழ்ந்தார்.

வட்டம் ஒரு தாளை எடுத்து எழுதியது.

“கவிழ்ந்துட்டார். முப்பத்தொன்பது பேரும் படிக்கல. நீங்க நீக்கப்பட்டீங்க.”

“சரி” என்று சொல்லிவிட்டு ஓடினேன். எனக்கு ஐம்பத்தாறு வயது. இடது முழங்கால் சரியில்லை. தாழ்வாரம் நீண்டுகொண்டே இருந்தது. என்னை நீக்கிய செய்தியை எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நூலகர்கள் முக்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

“கையில என்ன மேடம்?”

“புத்தகம்.”

“எந்தக் குழுல வந்துச்சு?”

நிற்காமல் ஓடினேன். கோமதிநாயகம் சார் மட்டும் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார். எனக்கு மூச்சு வாங்கியது, இறந்துபோனவருக்கு வாங்கவில்லை.

“யாரும்மா வந்தது கப்பல்ல?”

“பீரோக் கதவுகிட்ட வந்து நில்லுங்க சார். சொல்லுதேன்.”

வெளியே குதித்தேன். பின்னால் பீரோக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தரையில் ஒரு பூகூட விழவில்லை.

என் நாற்காலி இல்லை. கோடும் இல்லை. கதவுக்கு மேலே இருந்த பலகையில் நூலகம் என்ற சொல் இருந்தது, நூலகர் என்ற சொல் இல்லை. வெளியே ஞானதிரவியம் சார் “ஆ” என்றார். புதுச் சுற்றறிக்கை குத்தியிருக்கிறார்கள். அங்கிருந்தே உரக்கப் படித்துச் சொன்னார். இப்பள்ளியில் நூலகர் எவரும் இல்லை, முன்பும் இருந்ததில்லை. “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நீங்க எங்க இருந்தாலும்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

இசக்கிராஜா முதல் பாகத்தை மூடியிருந்தான். எப்போது மூடினான் என்று தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஆறு நிமிடம் என்று மட்டும் காட்டியது. அவன் இன்னும் நிமிரவில்லை. மூடிய புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை மேசைமேல் சும்மா கிடந்தது.

பக்கத்தில் ரீகன். நல்ல பையன்தான், நண்பனுக்கு உதவுகிறவன். தன் போனை இசக்கிராஜாவின் கைப்பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தான். போனுக்கும் கைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. பிறகு நாலு விரல்கடை.

இரண்டாம் பாகத்தை நடுவில் வைத்தேன். விரல்கள் புத்தகத்தைத் தொட்டன. தடவின. திறந்தன.

“தேங்க்ஸ் டீச்சர்” என்றான் இசக்கிராஜா, நிமிராமல்.

ரீகன் நிமிர்ந்தான். என்னை நேராகப் பார்த்தான். அவன் பார்வை என் வழியாகப் போய் ஜன்னலில் நின்றது.

“எல, யாருட்டல பேசுத? டீச்சரே இல்லயே.”

இசக்கிராஜா பக்க எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நிமிரவில்லை. அதனால் நான் நீக்கப்பட்டது அவனுக்குத் தெரியாது. இரண்டு வருடமாக இந்தப் பையனை நிமிரச் சொல்லித்தான் எனக்கு உத்தரவு.

“டீச்சர்” என்றான் மறுபடி. “மொத நாலு பக்கத்தக் காணும். அஞ்சாம் பக்கத்துல எல்லாரும் சோறு சாப்பிடுதாங்க. கப்பல்ல யாரு வந்தான்னு தெரியல.”

அந்த நாலு பக்கமும் அட்மினின் அடியில் இருக்கின்றன. எனக்கு அவை தேவையில்லை. எனக்கு மனப்பாடம். பதினேழு வயதில் படித்தேன், பிறகு குழு வரும்வரை வருடத்துக்கு ஒருமுறை. முப்பத்தொரு வருடத்தில் ஓர் அதிகாரியும் என்னிடம் நீ என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டதில்லை. பூ கொடுத்தார்கள்.

“நான் சொல்லுதேன்” என்றேன். “படகு மொதல்ல தெரிஞ்சுச்சு. கப்பல் தெரியல.”

முப்பத்தெட்டுத் தலைகளில் ஏழெட்டு, போனிலிருந்து கிளம்பப் பார்த்தன.

“எல, யாருல பேசுதா?” என்றான் ரீகன். “எங்கருந்துல சத்தம் வருது?”

“நிமிராத” என்றான் இசக்கிராஜா. “கேளு.”

ரீகன் குனிந்தான். அவன் போன் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

தெற்கு பீரோவுக்குள்ளிருந்து மெதுவாக மூன்று தட்டல் கேட்டது.

“கொஞ்சம் சத்தமா சொல்லும்மா” என்றார் கோமதிநாயகம் சார். “இங்க எல்லாரும் வணக்கம் போட்டுக்கிட்டு இருக்காங்க.”

எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. உட்கார நாற்காலியும் இல்லை. நின்றுகொண்டே, பீரோவுக்குள் கேட்கிற மாதிரி, முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.